எடை மெஷின் ஏன் திட்டுகிறது? உணவு, உடல், வடிவமைப்பு: ஓர் எளிய விளக்கம்

சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சி, "எல்லாம் மன உறுதிதான், வாயைக் கட்டினால் வயிறு குறையும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். இன்னொரு கட்சி கொஞ்சம் படித்தது. "சின்னத் தட்டில் சாப்பிடுங்க, மூளை ஏமாந்துடும்" என்று யோசனை சொல்லும். முதல் கட்சி வடிவமைப்பு என்ற ஒன்றைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டாவது கட்சிக்கு வடிவமைப்பு என்றால் தந்திரம்.

இதற்கு நடுவே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நமக்கும் நம் சாப்பாட்டுக்கும் இடையில் கருவிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. கலோரி எண்ணும் செயலி, கையில் கட்டும் வாட்ச், குளியலறை வாசலில் எடை மெஷின், போனில் அழகுபடுத்திய படங்கள். இவற்றில் எந்த எண்ணைக் காட்டுவது, என்ன நிறத்தில் காட்டுவது, ஒரு நாளைக்கு எத்தனை முறை காட்டுவது என்பதையெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் சாப்பிடுகிறவரின் மனதில் என்ன செய்கின்றன, அவற்றை எப்படி நல்லபடியாக மாற்றலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## வடிவமைப்பு என்று எதைச் சொல்கிறோம்

வடிவமைப்பு என்றதும் நிறம், எழுத்து, வளைந்த பட்டன் என்று நினைப்பு போகும். அது மேல்பூச்சு. ஒரு பொருளைச் செய்கிறவர், அதைப் பயன்படுத்தப்போகிறவரைப் பற்றி முன்கூட்டியே எடுத்துவைக்கும் முடிவுகளைத்தான் இங்கே வடிவமைப்பு என்கிறேன்.

ஜாக்கெட் தைக்கும் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்த டெய்லர் பக்கவாட்டில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டு, அடுத்தடுத்து இரண்டு மூன்று தையல் ஓட்டிவைப்பார். ஆறு மாதம் கழித்து இறுக்கமாக இருந்தால், "ஒரு தையல் பிரிச்சு விடுங்கண்ணா" என்று கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அதைக் கேட்பதில் யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை. உடம்பு மாறும் என்பதை அந்த ஜாக்கெட் பிறந்த அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. அதே கை ஒரு ரெடிமேட் சட்டைக்குள் நுழையாவிட்டால், "கை குண்டாயிடுச்சு" என்கிறோம். கை அதே கைதான். டெய்லரிடம் துணி மாறுகிறது. ரெடிமேடில் ஆள் மாற வேண்டியிருக்கிறது.

உணவு, எடை, உடற்பயிற்சி சம்பந்தப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை ரெடிமேட் வகை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், எல்லா உடம்பும் ஒரே கணக்கில் அடங்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. கணக்கு பொருந்தாத நாளில் பழி சாப்பிட்டவர்மேல் விழுகிறது. உணவோடும் உடலோடும் நல்ல உறவை வளர்க்கும் வடிவமைப்பு என்றால், உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கப்பட்டது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். மீதிக் கட்டுரை அந்தத் துணி எங்கெங்கே விடுபட்டுப்போயிருக்கிறது என்பதைப் பற்றியது.

## எண் எப்போது தீர்ப்பாகிறது

முதல் கலைச்சொல்: பின்னூட்டம். நாம் ஒன்றைச் செய்தவுடன் கருவி நமக்குத் திருப்பிச் சொல்லும் பதில் இது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிவதும் பின்னூட்டம்தான்.

கலோரிச் செயலி காலையில் உங்களிடம் 1,500 கலோரியைக் கொடுக்கிறது என்று வையுங்கள். மூன்று இட்லி, சாம்பார், சட்னி என்று பதிந்தால் மீதி குறைகிறது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் குறைகிறது. சாயங்காலம் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள், ஒரு துண்டு கேக். எண் பூஜ்யத்தைத் தாண்டி மைனஸுக்குப் போகிறது, கருப்பிலிருந்து சிவப்பாகிறது. செயலி தந்த தகவல், "இன்று 200 கலோரி கூடுதல்" என்பது மட்டும். கேக் சாப்பிட்டவருக்குக் கேட்டது, "நீ தோற்றுவிட்டாய்."

அந்த 200 எவ்வளவு நம்பத்தகுந்தது என்று பாருங்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாக்கெட்டில் அச்சிட்ட கலோரியைவிட உள்ளே இருப்பது 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. ஆலையில் அளந்து அடைத்த பொருளுக்கே இந்த நிலை என்றால், வீட்டுச் சாம்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எவ்வளவு பருப்பு, தாளிப்பில் எத்தனை கரண்டி எண்ணெய், கிண்ணம் எந்த அளவு என்பதெல்லாம் செயலிக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் கணக்கில் வரும் பிழையே 200-ஐ எளிதாகத் தாண்டிவிடும். தன் பிழையை மறைத்துவைத்துக்கொண்டு, சாப்பிட்டவரின் "பிழையை" மட்டும் சிவப்பில் காட்டுகிற கருவி இது. இதைக் கண்டிப்பு என்று சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அது வெறும் அலட்சியமாகத் தெரிகிறது.

மைஃபிட்னஸ்பால் என்ற கலோரிச் செயலியில் நீண்ட காலமாக ஒரு வரி உண்டு. அன்றைய பதிவை முடித்தால், "ஒவ்வொரு நாளும் இன்றைப் போலவே இருந்தால், ஐந்து வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு" என்று வரும். யாருடைய வாழ்க்கையில் ஒவ்வொரு நாளும் இன்றைப் போல இருக்கிறது? தீபாவளி வரும், காய்ச்சல் வரும், மாதவிடாய் வரும், மாமியார் வீட்டு விருந்து வரும். உள்ளே விடாத துணிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

உணவுக் கோளாறு என்பது உணவு, எடை, உருவம் பற்றிய எண்ணம் ஒருவரின் அன்றாட வாழ்க்கையையே ஆட்டிப்படைக்கும் மனநல நோய். பட்டினி கிடப்பது, கட்டுமீறி உண்பது, உண்டதை வெளியேற்றுவது என்று பல வடிவங்களில் வரும். இந்த நோய் உள்ள 105 பேரிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்டு 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் முக்கால்வாசிப் பேர் மைஃபிட்னஸ்பால் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவர்களில் 73 சதவீதம் பேர், தங்கள் நோயில் அதற்கும் ஓரளவாவது பங்கு இருப்பதாக உணர்ந்தார்கள். இதை வைத்து, செயலி நோயை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. நோய் உள்ளவர்கள் எண்ணும் கருவியைத் தேடிப் போவதும் இயல்பு. ஆனால் யார் கையில் போய்ச் சேரும் என்று தெரிந்தே ஒரு பொருளைச் செய்கிறவருக்கு, இந்த எண் போதுமான எச்சரிக்கை.

இதுவரை பார்த்தது: கருவி தருவது தகவல், நம் காதில் விழுவது தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் நிறம், குறி, சொல் ஆகியவை வேலை செய்கின்றன.

## சிவப்பைத் தாண்டிய பிறகு

சரி, கொஞ்சம் திட்டினால்தான் என்ன? திட்டு வாங்கினால் அடுத்த முறை கவனமாக இருப்போமே என்று கேட்கலாம். மனித மனம் அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை என்பதற்கு உளவியலில் ஒரு பழைய ஆய்வு உண்டு.

1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இருவர் கல்லூரி மாணவிகளை அழைத்து, ருசி பார்க்கும் சோதனை என்று சொல்லி உட்காரவைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்பும் ஐஸ்கிரீம். வேண்டிய அளவு சாப்பிடலாம். சாதாரணமாகச் சாப்பிடும் மாணவிகள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் கை குறையும், இயல்புதான். எப்போதும் டயட்டில் இருக்கும் மாணவிகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார்கள். மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்கள் அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். "இன்னைக்குக் கணக்கு எப்படியும் கெட்டுப்போச்சு, இனி என்ன" என்கிற மனநிலை அது. கோடு ஒன்று இருந்து, அதைத் தாண்டியும் ஆகிவிட்டால், தாண்டிய தூரம் மனதுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

இதற்கு முன்பே இன்னும் கடுமையான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியங்கியல் அறிஞர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை வைத்துப் பசியை ஆராய்ந்தார். ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால்பங்கு கரைந்தது. எதிர்பாராதது மனதில் நடந்தது. சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பேச்சு, கனவு, பகல் நினைப்பு எல்லாம் சாப்பாடு. தட்டை நக்கினார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் உடலும் மனமும் திடமாக இருக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். மன உறுதிக் கட்சிக்காரர்கள் இந்த ஆய்வைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால் ஒரு சுழல் தெரியும். கடுமையான கோடு போடுகிறோம். உணவைப் பற்றிய நினைப்பு கூடுகிறது. ஒரு நாள் கோடு தாண்டுகிறது. "எப்படியும் கெட்டுப்போச்சு" என்று அன்று நிறையச் சாப்பிடுகிறோம். குற்ற உணர்ச்சி வருகிறது. மறுநாள் கோட்டை இன்னும் இறுக்குகிறோம். சிவப்பு எண் இந்தச் சுழலில் மூன்றாவது படியில் வந்து நிற்கிறது, நாலாவது படிக்குத் தள்ளிவிடுகிறது.

## தட்டைச் சின்னதாக்கினால் போதாதா?

இரண்டாம் கட்சியின் கேள்வி. "சின்னத் தட்டு" யோசனை உலகம் முழுக்கப் பரவியதற்கு முக்கியக் காரணம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அடியிலிருந்து தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும் சூப் கிண்ணம் வைத்து அவர் செய்த சோதனை பத்திரிகைகளுக்குத் தீனியாக இருந்தது. பின்னாளில் மற்றவர்கள் அவருடைய கணக்குகளைத் தோண்டியபோது ஓட்டைகள் வெளிவந்தன. 2018-இல் கார்னெல் பல்கலைக்கழகமே அவர் ஆய்வு நெறிமுறையை மீறியதாக அறிவித்தது. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டாம். முன்னால் வைக்கும் அளவு பெரிதானால் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்பது பலர் பலமுறை சோதித்து உறுதிசெய்த விஷயம். தட்டின் அளவு பற்றிய சான்றுகள்தான் ஒன்றுக்கொன்று முரணானவை. எனக்கு உறுத்துவது வேறு. மூளையை ஏமாற்று என்று சொல்லும் யோசனை, சாப்பிடுகிறவரையும் அவர் உடம்பையும் எதிரெதிர் அணியில் நிறுத்துகிறது. ஏமாற்றிக்கொண்டே இருப்பதை நல்ல உறவு என்று சொல்ல முடியுமா?

## நல்ல எண்ணம், தப்பான இடம்

இங்கே அடுத்த கலைச்சொல்: முன்னிருப்பு. நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாகக் கிடைக்கும் அமைப்பு. புதுப் போனின் ரிங்டோன் மாதிரி. மாற்றலாம், ஆனால் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. அதனால் முன்னிருப்பைத் தீர்மானிப்பவர்தான் பெரும்பாலோருக்கும் தீர்மானிக்கிறார்.

2017 அக்டோபரில் கூகுள் மேப்ஸ், ஐபோனில் ஒரு சோதனை செய்தது. ஓர் இடத்துக்கு வழி கேட்டால், நடந்து போனால் எத்தனை கலோரி எரியும் என்று காட்டியது. கூடவே அது எத்தனை குட்டிக் கப்கேக்குக்குச் சமம் என்று படமும் போட்டது. எதிர்ப்பு கிளம்பி, சில மணி நேரத்திலேயே எடுத்துவிட்டார்கள். நடையை ஊக்குவிக்கும் எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வழி கேட்டவர் உடம்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காதவருக்குத் தானாக வந்தது, அணைக்க வழியும் இல்லை. போதாக்குறைக்கு, சாப்பிட்டதற்கு நடந்து கடன் அடைக்க வேண்டும் என்கிற பழைய சிந்தனையை ஒரு கேக் படத்தில் சுருக்கிவைத்துவிட்டார்கள்.

இதைவிட எனக்குச் சங்கடமான உதாரணம் கர்போ. வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2019-இல் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக வெளியிட்ட செயலி. உணவுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சிவப்பு என்றால் "குறைவாக எடுத்துக்கொள்" என்று கேட்காது, "தப்பு" என்றுதான் கேட்கும். மருத்துவர்களும் பெற்றோர்களும் எதிர்த்தார்கள். 2022-இல் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் குற்றச்சாட்டு உணவு சம்பந்தப்பட்டதல்ல, பெற்றோர் அனுமதியில்லாமல் சிறுவர்களின் தகவலைச் சேகரித்தது. சிவப்பு நிறத்துக்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை.

இங்கிலாந்து எடுத்த முடிவில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து அங்கே 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவு நிறுவனங்கள் மெனு கார்டில் கலோரியை அச்சிட வேண்டும். அதே விதியில், வாடிக்கையாளர் கேட்டால் கலோரி இல்லாத மெனுவும் தரலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். விட்டது சரி, ஆனால் யார் கேட்க வேண்டியிருக்கிறது பாருங்கள். உணவுக் கோளாற்றிலிருந்து மீண்டுவரும் ஒருவர், நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். முன்னிருப்பு அவருக்கு எதிராக இருக்கிறது. இத்தனைக்கும் பலன்? 2024-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், சட்டத்துக்கு முன்னும் பின்னும் மக்கள் சாப்பிட்ட சராசரிக் கலோரியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

## அறுந்துவிடக் கூடாத சங்கிலி

உடற்பயிற்சிக் கருவிகளில் ஸ்ட்ரீக் என்று ஒன்று உண்டு. விடாமல் எத்தனை நாள் இலக்கை முடித்தீர்கள் என்ற தொடர் கணக்கு. 40 நாள், 100 நாள் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் விட்டால் பூஜ்யம்.

இதன் பலம் எதில் இருக்கிறது என்றால், பெறுவதைவிட இழப்பது மனதை அதிகம் உறுத்தும். 100-வது நாள் நீங்கள் ஓடுவது உடம்புக்காக இருக்காது. 99-ஐக் காப்பாற்றுவதற்காக இருக்கும். காய்ச்சலோடு ஓடுகிறவர்கள், வீட்டு வராந்தாவில் நள்ளிரவு பன்னிரண்டுக்குள் நடந்து முடிக்கிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

ஆப்பிள் வாட்ச் 2015-இல் மூன்று வட்டங்களோடு வந்தது. தினமும் மூன்றையும் மூட வேண்டும். உடம்பு சரியில்லை, இன்று ஓய்வு என்று சொல்ல அதில் வழியே இல்லை. 2024 செப்டம்பரில் வந்த வாட்ச்ஓஎஸ் 11-இல்தான், தொடர் கணக்கு அறுபடாமல் வட்டங்களை ஒரு நாளிலிருந்து 90 நாள் வரை நிறுத்திவைக்கலாம் என்ற வசதி வந்தது. ஒரு தையல் பிரித்துவிட ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

இலக்குகளும் வானத்திலிருந்து விழுந்தவை கிடையாது. தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்பது, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், சராசரியாக 72 வயதான பெண்களிடம், சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 7,500 நடந்துவிட்டு, "இன்னைக்கும் முடிக்கல" என்று வருந்துகிற பாட்டிகள் எத்தனை பேரோ.

## எடை: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

முன்பெல்லாம் நம்மூர் ரயில் நிலையங்களில் எடை மெஷின் நிற்கும். கலர் விளக்கு மினுக்கும், காசு போட்டால் சின்ன அட்டை ஒன்று டப்பென்று விழும். எடையோடு ஒரு ஜோசிய வரியும் இருக்கும். பலர் முதலில் படிப்பது ஜோசியத்தைத்தான். எப்போதாவது ஊருக்குப் போகும்போது ஏறி இறங்குவோம், அட்டையைத் தொலைத்துவிடுவோம். யாரும் மனநலத்தை யோசித்து அதைச் செய்யவில்லை. ஆனால் அரிதாக அளந்ததால் அந்த எண்ணால் யாரையும் பெரிதாகப் படுத்த முடியவில்லை.

இன்றைய மெஷின் வீட்டில் இருக்கிறது, தினமும் ஏறலாம், புளூடூத்தில் போனுக்கு எண்ணை அனுப்பி ஏற்ற இறக்கக் கோடு போடுகிறது. அந்தக் கோடு பெரும்பாலும் காட்டுவது தண்ணீரை. உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடினாலும் தண்ணீர் தங்கும். மாதவிடாய்க்கு முன்பும் தங்கும். ஒரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சர்வசாதாரணம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நேற்றிரவு அது கூடியிருக்க வேண்டுமென்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நூறு இட்லிக்கும் அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு ரொம்ப எளிது. நகரும் சராசரி என்பார்கள். கடந்த ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்த ஒரு எண்ணை மட்டும் காட்டுவது. நாளை இன்னொரு நாள் சேரும், பழைய நாள் ஒன்று விலகும். தண்ணீரின் ஆட்டம் பெரும்பாலும் அடங்கி, உண்மையான போக்கு மட்டும் தெரியும். அளவிடும் கருவி அதேதான். காட்டும் விதத்தை மாற்றினாலே காலைப் பதற்றம் பாதி குறையும். உணவுக் கோளாறு சிகிச்சையில் இன்னும் ஒரு படி மேலே போவதுண்டு. மெஷினில் எண்ணுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வார்கள். மருத்துவருக்கு எண் வேண்டும், நோயாளிக்கு வேண்டாம்.

பிஎம்ஐ பற்றி ஒரே வார்த்தை. கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம், 1830-களில் பெல்ஜியத்தின் அடோல்ஃப் க்வெட்லே கூட்டத்தின் சராசரியை ஆராயப் போட்ட கணக்கு. 1998-இல் அமெரிக்கா அதிக எடை என்பதற்கான எல்லையை 25-ஆகக் குறைத்தபோது, ஒரு கிராம்கூட ஏறாமல் கோடிக்கணக்கானோர் அன்றே அந்தப் பட்டியலுக்குள் வந்தார்கள். இந்தியர்களுக்கு 23 என்கிறார்கள் மருத்துவர்கள், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் செயலியில் அது ஒரு வண்ணப் பட்டையாக வரும்போது, 22.9-க்குப் பச்சை, 23.1-க்கு ஆரஞ்சு. உடம்புக்குள் அப்படி ஒரு சுவர் கிடையாது.

சுருக்கமாக: ஒற்றை நாள், ஒற்றை எண், கறாரான எல்லை. மூன்றுமே அளவிடுவதில் உள்ள பிரச்சினை இல்லை. காட்டுவதில் உள்ள பிரச்சினை.

## படத்தில் "திருத்தப்பட்டது" என்று எழுதினால்?

உடம்பைப் பற்றிய எண்ணத்தைப் படங்கள் எப்படிக் கெடுக்கின்றன என்று எல்லோரும் பேசுகிறார்கள். தீர்வு என்று பலரும் முதலில் சொல்வது அறிவிப்பு ஒட்டுவது. பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து, மாடல்களின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படங்களில் "திருத்தப்பட்ட புகைப்படம்" என்று போட வேண்டும். நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து இதே போன்ற விதி, சமூக ஊடகப் பிரபலங்களின் விளம்பரங்களுக்கும் சேர்த்து.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் மரிகா டிக்மன் குழு உட்படப் பலர் சோதித்துப் பார்த்ததில், இந்த வரிகளால் பார்ப்பவரின் உடல் அதிருப்தி குறையவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஒப்பீடு ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. கண் இடுப்பைப் பார்த்துவிட்ட பிறகு புத்தி அடிக்குறிப்பைப் படிக்கிறது. நம் சினிமாப் போஸ்டர் முகங்களெல்லாம் பூசி மெழுகியவை என்று நமக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒப்பிடுகிறோம்.

படங்களைப் பகிரும் தளமான பின்டரெஸ்ட் எடுத்த வழி வேறு. 2021 ஜூலையில், எடை குறைப்பு விளம்பரங்கள் அனைத்தையும் தளத்திலிருந்து தடை செய்தது. எச்சரிக்கை ஒட்டுவதற்குப் பதிலாக, கண்ணில் படுவதையே மாற்றிவிட்டது. அறிவுரை சொல்வதைவிடச் சூழலை மாற்றுவது பலன் தரும் என்பது உணவு விஷயத்தில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

## அப்போ நல்லது எப்படி இருக்கும்?

கடைசிக் கலைச்சொல்: உள்ளுணர் திறன். பசி, நிறைவு, தாகம், களைப்பு போன்ற உடலின் உள்செய்திகளைக் கவனித்து உணரும் திறன். கலோரிச் செயலியின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. "பசிக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதிலை வயிற்றில் தேடாமல் திரையில் தேடப் பழக்குகிறது. 300 கலோரி மீதி இருந்தால் பசிக்காமலே சாப்பிடுவோம். மீதி இல்லாவிட்டால் பசித்தும் படுத்துக்கொள்வோம்.

இதை மாற்றி யோசித்த கருவிகளும் இருக்கின்றன. சில செயலிகள் எண்ணே கேட்பதில்லை. சாப்பாட்டை ஒரு படம் எடுக்கச் சொல்லும். சாப்பிடும் முன் பசி எவ்வளவு, சாப்பிட்ட பின் நிறைவு எவ்வளவு, யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்கும். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், "மதியம் சரியாகச் சாப்பிடாத நாளில்தான் ராத்திரி பிஸ்கட் பாக்கெட் காலியாகிறது" என்பது போல ஏதாவது தெரியவரும். அது பயன்படுத்தக் கூடிய தகவல். மைனஸ் 200-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

செயலி செய்கிற வேலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. இலக்கை 1,500 என்ற புள்ளியாக வைக்காமல் 1,400 முதல் 1,900 என்ற வரம்பாக வைத்தால், கோடு தாண்டும் கதையே பாதி இல்லாமல் போகும். பதியாத நாளைக் காலியாக விடலாம், பூஜ்யம் போட வேண்டாம். இரவு பத்து மணிக்கு "இன்னும் பதியவில்லையே" என்று நோட்டிபிகேஷன் அனுப்ப வேண்டாம். எடையை மறைக்கும் வசதியைச் செட்டிங்ஸின் ஆறாவது பக்கத்தில் புதைக்காமல் முதல் நாளே கேட்டுவிடலாம். மிகக் குறைந்த கலோரியை ஒருவர் தொடர்ந்து பதிந்தால் கைதட்டும் அனிமேஷனை நிறுத்த வேண்டும். அங்கே தேவை வேறு பேச்சு.

பயன்படுத்துகிறவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நோட்டிபிகேஷனை அணைக்கலாம். பல செயலிகளில் நாள் வரைபடத்தை வார, மாத வரைபடமாக மாற்ற முடியும். எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மாதம் ஒருமுறை எடுக்கலாம். அப்புறம், வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அந்த மெஷின் அவர்கள் கண்ணில் தினமும் படும் இடத்தில் வேண்டாம்.

## எண் அவசியமான இடங்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் எண்களைத் தலைமுழுக வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்கு ஒரு வேளை உணவில் எவ்வளவு மாவுச்சத்து என்ற கணக்கு வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் எடை பார்க்க வேண்டும், அங்கே தண்ணீர் தங்குவதுதான் கண்டுபிடிக்க வேண்டிய ஆபத்து. சிறுநீரக நோயாளிக்கு உப்பின் அளவு முக்கியம். இவர்களுக்கான கருவியில் எண் தெளிவாக, முன்னால் இருக்க வேண்டும். எல்லோருக்கும் அதே கருவியைக் கொடுப்பதுதான் சிக்கல்.

இன்னொரு பக்கம், சாப்பிட்டதைப் பதியாவிட்டால் பதற்றம், மற்றவர்கள் முன் சாப்பிடத் தயக்கம், சாப்பிட்ட பின் வாந்தி எடுப்பது, மாதவிடாய் நின்றுபோவது, நாள் முழுக்க உணவைப் பற்றிய நினைப்பு ஆகியவை இருந்தால், செயலியின் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். பார்க்க வேண்டியது மருத்துவரை. ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்பதும் தவறு, எந்த எடையிலும் வரும். யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.